சீதாதேவி புறப்பட்ட ஓடுபாதையும் எங்களிடம் இல்லாத அலுமாரியும்

 

பதிவு நீளம். தேநீரை வைத்துக்கொண்டு ஆறுதலாகப் படியுங்கள். லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை. கடைசியில் ஒரு வேலை கேட்டிருக்கிறோம், அதைச் செய்தால் போதும்.

போன தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்தோம். தலைப்பு, 'எமது பிரதேசத்தின் போக்குவரத்து'. சிலர் ரெயில் பாதையை எடுத்தார்கள், சிலர் குறிகட்டுவான் படகுகளை எடுத்தார்கள். ஒன்பது பேர் பலாலி விமானநிலையத்தை எடுத்தார்கள். ஒன்பது கொப்பியிலும் ஒரே படம்: 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி நடந்த திறப்பு விழா. வசனமும் ஏறத்தாழ ஒன்றுதான். "யாழ்ப்பாணத்துக்கு 2019இல் முதன்முதலாக வெளிநாட்டு விமான சேவை கிடைத்தது."

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தேடினால் முதலில் வருவது அதுதான். ஆனால் அந்த வசனம் பிழை. சின்னப் பிழை அல்ல, எழுபத்திரண்டு வருடப் பிழை.

1947 டிசெம்பர் 10. நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எயார் சிலோன் என்று புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையில் புறப்படுகிறது. போகும் இடம் சென்னை, அன்றைய பெயரில் மதராஸ். வழியில் ஒரே ஒரு தரிப்பு. அது காங்கேசன்துறை, அதாவது நாங்கள் இன்று பலாலி என்று சொல்லும் அதே ஓடுபாதை. இந்த நாட்டின் தேசிய விமான சேவை பறந்த முதலாவது நாளிலேயே யாழ்ப்பாணம் அதன் கால அட்டவணையில் இருந்தது. இங்கே ஏறியவர் அடுத்து இறங்கியது இந்தியாவில். அதற்குச் சர்வதேச சேவை என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

அந்த விமானம் ஒரு டகோட்டா, டிசி-3 ரகம். அதன் பெயர் சீதாதேவி. எயார் சிலோனிடம் அப்போது மூன்று டகோட்டாக்கள் இருந்தன. மற்ற இரண்டும் விகாரமகாதேவி, சுனேத்ராதேவி. மூன்றுக்கும் பெண்களின் பெயர். எயார் சிலோனின் முதலாவது பயணிகள் விமானமாக வடக்கே பறந்ததற்குச் சீதை என்று பெயர் வைத்தவர் யோசித்து வைத்தாரோ யோசிக்காமல் வைத்தாரோ, வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். "சேர், அப்ப அனுமார் வரேல்லையா?" என்று ஒருவன் கேட்டான்.

அந்த ஓடுபாதையும் எயார் சிலோனுக்காகப் போட்டது அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்டது. அவர்களுடைய பதிவுகளில் அதன் பெயர் காங்கேசன்துறை விமானத் தளம். 160ஆவது படையணியின் லிபரேட்டர் விமானங்கள், நான்கு இயந்திரம் பூட்டிய பெரிய குண்டுவீச்சு விமானங்கள், அங்கே நின்றன. வங்காள விரிகுடாவுக்கு மேலே நெடுந்தூரம் போய் ஜப்பானியரின் கடல் வழிகளைக் கண்காணிப்பதும் கண்ணிவெடி போடுவதும் அவற்றின் வேலை. வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண்ணுக்கு நடுவில் லிபரேட்டர் வந்து இறங்கியதைப் பார்த்த தலைமுறை இப்போது அநேகமாக இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்ட தலைமுறை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாம் கவலைப்படுவது அந்தக் கொஞ்சத்தைப் பற்றித்தான்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பலாலியால் யார் பறந்தார்கள் என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும், எல்லாரும் பறக்கவில்லை. சாதாரண சனத்துக்கு யாழ்தேவி ரெயில் இருந்தது, இந்தியா போக மன்னார்ப் பக்கக் கப்பல் இருந்தது. விமானத்தில் போனவர்கள் டொக்டர்மார், பிரக்டர்மார், பெரிய உத்தியோகத்தர், வசதியான வியாபாரிகள். எங்கள் சோனகத் தெருவிலும் அப்படிச் சிலர் இருந்திருக்கிறார்கள். துணி எடுக்கவும், வைத்தியம் பார்க்கவும், நாகூருக்குப் போகவும் திருச்சிக்குப் பறந்த கதைகளை எங்கள் வீடுகளிலும் கேட்டு வளர்ந்தோம். வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். பலாலியிலிருந்து திருச்சி நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீற்றர். இரத்மலானை சுமார் 330. சென்னையே 360ஐத் தாண்டாது. பூமிசாஸ்திரப் பாடத்தில் பிள்ளைகளுக்கு இதை அளக்கக் கொடுத்தால் அவர்கள் நம்பாமல் இரண்டாம் முறை அளக்கிறார்கள்.

பள்ளியில் அஸருக்குப் பிறகு திண்ணையில் இருக்கும் ஒரு பெரியவர் சொன்னது இது. அவருடைய வாப்பா ஒரு முறை டகோட்டாவில் போனவராம். அந்த விமானத்தின் வால் சில்லு தரையோடு இருக்கும், மூக்கு மேலே தூக்கியபடி நிற்கும். அதனால் பின்கதவால் உள்ளே ஏறி இருக்கைக்கு நடப்பது மேட்டில் ஏறுவது போல. வாப்பா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாராம். சாரத்தோடா விமானத்தில் போனார் என்று கேட்டோம். "பின்ன? அவர் கோட்டும் போட்டிருந்தார், சாரமும் உடுத்திருந்தார்" என்றார். இதை எந்த நூலகத்தில் போய் எடுப்பது?

டகோட்டாவுக்குப் பிறகு அவ்ரோ 748 வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலருக்கு விமானம் என்றாலே அவ்ரோதான். அதில் ஒன்றின் முடிவு எல்லாருக்கும் தெரியும். 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாள், பலாலியிலிருந்து பயணிகளை ஏற்றிப் போய் இரத்மலானையில் இறக்கிவிட்டு நின்ற அவ்ரோவில் குண்டு வெடித்தது. பயணிகள் இறங்கிவிட்டதால் உயிர் போகவில்லை. விமானம் எரிந்துபோனது. அடுத்த வருடம் எயார் சிலோனும் இல்லை, எயார் லங்கா வந்துவிட்டது. அதற்குப் பிறகு பலாலி மெல்ல மெல்லப் பயணிகளின் இடமாக இருப்பதை விட்டு முகாமாக மாறியது.

இனிச் சொல்வதுதான் பிள்ளைகளின் ஒன்பது கொப்பியிலும் இல்லாத பகுதி. பெரியவர்கள் மேடையில் பேசும்போதும் தாண்டிப் போகும் பகுதி. 1947ஐச் சொல்கிறவர் அடுத்த மூச்சில் 2019க்கு வந்துவிடுகிறார். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், "பிரச்சினை காலம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியது. பலாலி, வசாவிளான், மயிலிட்டி, கட்டுவன், குரும்பசிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை. இந்த ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஓடுபாதையைச் சுற்றி வந்துவிடுவீர்கள். குண்டு விழுந்தது, ஷெல் விழுந்தது, ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. வீடும் கோவிலும் தேவாலயமும் பாடசாலையும் கிணறும் வேலிக்கு உள்ளே போய்விட்டன. ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் நினைவு வரும். எத்தனையோ பேரை ஆசிரியர்களாக்கிய பலாலி ஆசிரிய கலாசாலையும் இடம்பெயர்ந்தது. பெயரில் பலாலியை வைத்துக்கொண்டு வேறு ஊரில் இயங்கியது. ஒரு கலாசாலையே அகதியானது என்று சொன்னால் இப்போதைய பயிலுனர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அன்று சிரிப்பாக இருக்கவில்லை.

அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி நாங்கள் எழும்பினோம். எழுப்பப்பட்டோம் என்பதே சரி. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள், இரண்டு மணி நேரம் தந்தார்கள், மிச்சம் எல்லாருக்கும் தெரியும். வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் சில நாட்களில் வெளியேறினோம். துப்பாக்கியோடு நின்றவர்கள் வேறு, காரணம் வேறு, பேசிய மொழி வேறு. பலாலிக்காரனை எழுப்பியது அரசின் குண்டு, எங்களை எழுப்பியது எங்களோடு ஒரே மொழி பேசியவர்களின் ஆயுதம். இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் ஒரே வருடம். நான்கு மாத இடைவெளி. இரண்டு சனத்திடமும் அதற்குப் பிறகு அலுமாரி இல்லை.

அலுமாரி என்று ஏன் சொல்கிறோம் தெரியுமா? மற்ற ஊர்களில் மரபுரிமை, அருங்காட்சியகம் என்று யாராவது பொருள் கேட்டு வந்தால், வீட்டுக்காரர் அலுமாரியைத் திறப்பார். தாத்தாவின் பயணச்சீட்டு, பழைய கடவுச்சீட்டு, விமானத்தின் படிக்கட்டில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஏதாவது ஒன்று வரும். ஒப்படைக்காக நாங்களும் கேட்டுப் பார்த்தோம். சோனகத் தெருவில் வீட்டுக்கு வீடு கேட்டோம், புத்தளத்துக்கு போன் போட்டும் கேட்டோம். எயார் சிலோன் எழுதிய ஒரு கடதாசித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் வீட்டை விட்டுப் போகிறவர் பழைய பயணச்சீட்டை எடுக்க மாட்டார். பிள்ளையைத் தூக்குவார். மயிலிட்டிப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் கேட்டோம். அவர் தன் காணியைத் திரும்பப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும்தான் இருந்ததாம். "படத்தைக் கேக்கிறியள் சேர், படம் மாட்டின சுவரே இல்லை" என்றார்.

அதனால் இந்த விமானநிலையத்தின் மரபுரிமை பொருளாக இல்லை. சிலருடைய வாயில் இருக்கிறது. அந்த வாய்களுக்கு எழுபத்தைந்து, எண்பது வயது. ஒவ்வொரு மாதமும் ஜனாஸா அறிவித்தல் கேட்கிறோம். மரண அறிவித்தல் ஒட்டப்பட்ட மதில்களைத் தாண்டித்தான் பாடசாலைக்குப் போகிறோம்.

நடுப்பகுதி இன்னும் முடியவில்லை. 1995 ஏப்ரலில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், பலாலிக்குக் கிட்ட இரண்டு விமானப்படை அவ்ரோக்கள் வீழ்த்தப்பட்டன. அதில் போனவர்கள் சிப்பாய்கள், தெற்கின் ஏதோ ஒரு கிராமத்துத் தாய்மாரின் பிள்ளைகள். ஓடுபாதையின் வரலாறு என்று எழுதினால் அவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது.

1998 செப்டெம்பர் 29. லயன் எயாரின் அன்ரனோவ் விமானம், பறப்பு இலக்கம் 602, மதியம் தாண்டிப் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை அடைபட்டிருந்த காலம். கப்பலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அவசரத்துக்கு வைத்தியம், கடவுச்சீட்டு, பிள்ளையின் கலியாணம் என்று போகிறவருக்கு இந்த விமானம்தான். 48 பயணிகள், 7 பணியாளர்கள். மன்னார்க் கரையோரக் கடலுக்கு மேலே புலிகளின் ஏவுகணையில் விழுந்தது. பயணிகளில் அநேகமானோர் யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சனம். சிதைவுகளை இரணைதீவுப் பக்கக் கடலின் அடியில் கண்டுபிடித்தது 2012இல். பதினான்கு வருடம். அதுவரைக்கும் கரையில் இறங்கியிருப்பார், எங்கேயோ பிடித்து வைத்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்த வீடுகள் இருந்தன. எடுத்த உடுப்புத் துண்டுகளை உறவினருக்குக் காட்டி அடையாளம் கேட்டார்கள். அந்த வரிசையில் நின்ற ஒருவரை எங்களுக்குத் தெரியும். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே இல்லை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். செய்தியை வானொலியில் கேட்டதை நினைக்கிறோம். எங்கள் பெரியவர்களில் ஒருவர், யாழ்ப்பாணத்தை வாயால் சொல்லவே விரும்பாத ஒருவர், அன்று இரவு முழுக்க, "எங்கட ஆட்கள், எங்கட ஆட்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரை அப்படிச் சொன்னார் என்று அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

பிறகு 2002இல் ஏ9 திறந்தது, எங்களில் சிலர் வீடு பார்க்க வந்தோம். 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் மறுபடி அடைத்தார்கள், மறுபடி விமானமும் கப்பலும்தான். பாஸ் எடுத்து, பையைத் திறந்து காட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதைப் பற்றி நண்பர்கள் சொன்னதைக் கேட்டால், சென்னைக்குப் போகும் இப்போதைய பயணிக்கு அது வேறு உலகம். போர் முடிந்து பத்து வருடம் கழித்துத்தான் 2019 வந்தது. நவம்பர் 11ஆம் திகதி அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வழமையான சேவையைத் தொடங்கியது. நான்கு மாதத்தில் கொரோனா. 2022 டிசெம்பர் 12இல் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கினார்கள். திருச்சி என்று செய்தி வந்த அன்று அந்தத் திண்ணைப் பெரியவருக்குச் சொன்னோம். "வாப்பா போன பாதை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் கருத்து.

விமானநிலையம் வளர வேண்டும். அதில் எங்களுக்கு இரண்டு மனம் இல்லை. எங்கள் பிள்ளைகள் இந்தியாவில் படிக்கிறார்கள், எங்கள் நோயாளிகள் அங்கே போகிறார்கள், எங்கள் வியாபாரிகள் போய் வருகிறார்கள். கட்டுநாயக்கவுக்கு இரவிரவாக பஸ்ஸில் போய் விமானம் ஏறிய காலத்தோடு பார்த்தால் இது பெரிய ஆறுதல். ஆனால் இப்போது இறங்குவது ஏரிஆர் 72 போன்ற சிறிய விமானங்கள், எழுபது எண்பது பேர் கொள்பவை. பெரிய விமானம் வர நீண்ட ஓடுபாதை வேண்டும். நீண்ட ஓடுபாதைக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் வெறும் பற்றைக்காடு அல்ல. அது யாரோ ஒருவருடைய வெங்காயத் தோட்டம், உறுதி கையில் இருக்கிறது, ஆள் முப்பத்தைந்து வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறார். அண்மையில் வசாவிளான்–பலாலி வீதியைத் திறந்துவிட்டபோது அந்தப் பக்கத்துச் சனம் வீதியில் நடந்து பார்த்தது. நடக்கலாம், ஆனால் வீதியின் இரண்டு பக்கமும் இன்னும் வேலி. தன் காணியை வீதியில் நின்று பார்க்கிற கஷ்டம் எங்களுக்கு மற்றவரைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் சோனகத் தெருவில் முகடு இல்லாத வீட்டை வீதியில் நின்று பார்த்தவர்கள்.

"அபிவிருத்திக்குத் தியாகம் தேவை" என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் எழுதுகிறார்கள். யாருடைய தியாகம்? ஒரே குடும்பத்தை எத்தனை தரம் தியாகம் செய்யச் சொல்வது? காணிக்காரரைக் கூப்பிட்டு, முகத்துக்கு முகம் பேசி, விருப்பத்தோடு, சந்தைப் பெறுமதியோடு, அல்லது அதே செம்மண்ணில் மாற்றுக் காணியோடு எடுப்பது ஒரு விதம். வர்த்தமானி அடித்துவிட்டுப் பலகை நடுவது இன்னொரு விதம். இரண்டாவது விதத்தை ஒரு தரம் பார்த்துவிட்டோம். எங்கள் சமூகம் இதில் வாய் திறக்காமல் இருந்தால், எங்களுடைய மீள்குடியேற்றத்தைப் பற்றி நாளைக்கு யார் வாய் திறப்பார்கள்? புத்தளத்தில் இன்னும் ஆயிரக்கணக்கான யாழ்ப்பாணக் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுத்திட்டம் என்றால் காணி இல்லை என்கிறார்கள், காணி இருந்தால் பதிவு இல்லை என்கிறார்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வர ஒன்றரை மணித்தியாலம். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வர முப்பது வருடம் எடுத்தும் வந்து சேராதவர் இருக்கிறார்.

இரண்டாவது, விமானநிலைய மண்டபத்தில் ஒரு சுவர் வேண்டும். பெரிய அருங்காட்சியகம் கேட்கவில்லை. பழைய விமானம் பார்க்க விரும்புகிறவர் இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நாம் கேட்பது ஒரு சுவர், மூன்று மொழியில். சீதாதேவி வந்து போன நாள் அதில் இருக்கட்டும். ஓடுபாதையைச் சுற்றியிருந்த ஊர்களின் பெயர்கள், ஒவ்வொன்றாக. 602இல் போன 55 பேரின் பெயர்கள், பணியாளர்களையும் சேர்த்து. இந்த ஓடுபாதையில் உயிரை விட்ட சிப்பாய்களைப் பற்றியும் ஒரு வரி. 1990 ஜூனில் எழும்பியவர்களைப் பற்றி ஒரு வரி, அந்த ஒக்டோபரில் எழும்பியவர்களைப் பற்றி ஒரு வரி. கூட வேண்டாம்.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர், அவர் உல்லாசப் பயணத் துறையில் இருப்பவர், "சேர், இறங்கி வாறவன் சந்தோசமா வரட்டும், வாசலிலேயே சாவைக் காட்டோணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பலாலியில் இறங்குகிறவர் யார்? பாதிப் பேர் இந்த மண்ணில் பிறந்து கனடாவிலும் லண்டனிலும் இருந்து சென்னை வழியாக வருகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாத சாவையா நாம் காட்டப் போகிறோம்? யன்னலால் கீழே பார்க்கும்போதே அவர்கள் தங்கள் ஊரைத் தேடுகிறார்கள்.

இன்னொரு கேள்வி எங்கள் பக்கத்திலிருந்து வரும். "இது தமிழாக்கள்ர விசயம், நமக்கு ஏன்?" இதைக் கேட்கிறவர்களோடு சண்டை பிடிக்க விருப்பமில்லை. ஒன்று மட்டும். ஒக்டோபர் 30ஆம் திகதி வந்தால் நாங்கள் எல்லாரும் பதிவு போடுகிறோம், மற்றவர்கள் பேசவில்லை என்று மனவருத்தப்படுகிறோம். ஜூனில் நாங்கள் என்ன போட்டோம் என்று பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தோம். இதை எழுதுகிறவரின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பதினொரு வருடப் பதிவுகள், ஜூனுக்கு ஒன்றுகூட இல்லை.

சரி, கேட்ட வேலை இதுதான். தரம் 9 பிள்ளைகளின் ஒப்படையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், புள்ளி போடவில்லை. இந்தத் தவணை அவர்கள் ஆளுக்கு ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டு, கைத்தொலைபேசியில் பதிந்து வருவார்கள். பலாலியால் விமானம் ஏறியவர், ஏற்றிவிடப் போனவர், விமானம் பார்க்க சைக்கிளில் போன பொடியன், அங்கே தேநீர் விற்றவர், மூட்டை தூக்கியவர், முகாமில் மேசன் வேலைக்குப் போனவர், யாராக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பிள்ளை வரும்போது விரட்டாதீர்கள், கொஞ்சம் நேரம் கொடுங்கள். புத்தளம், நீர்கொழும்பு, பாணந்துறைப் பக்கம் இருப்பவர்கள் நீங்களே பதிந்து அனுப்புங்கள். வசாவிளான், மயிலிட்டிப் பக்கத்து ஆசிரிய நண்பர்கள் நான்கு பேர் தங்கள் பாடசாலைகளிலும் இதைச் செய்யச் சம்மதித்திருக்கிறார்கள். சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு சுவர் கேட்டுப் போவோம். வெறும் கையோடு போனால் 'பார்ப்போம்' என்பார்கள்.

முதலாவது பதிவு வந்துவிட்டது. ஒரு மாணவியின் மூத்தம்மா, புத்தளத்தில் இருக்கிறார், எண்பத்தொரு வயது. கலியாணம் முடித்த புதிதில் மாப்பிள்ளையோடு பலாலியால் திருச்சிக்குப் போயிருக்கிறார். பதினொரு நிமிடப் பதிவு. கடல் எப்படித் தெரிந்தது என்று பேத்தி கேட்கிறாள். "எங்க பார்த்த? போய்ச் சேருமட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தன்" என்கிறார். மாப்பிள்ளை யன்னலால் பார்த்துப் பார்த்துச் சொன்னாராம், இவர் கேட்டாராம். கடைசியில் அவரே பேத்தியிடம் ஒன்று கேட்கிறார். பலாலி றோட்டில், விமானநிலையத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய ஆலமரம் நின்றதாம். அதன் கீழேதான் வாப்பாவும் உம்மாவும் வழியனுப்பி அழுதுகொண்டு நின்றார்களாம். அது இன்னும் நிற்குதா?

பேத்திக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் போய் வருகிறவர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.